ரிக் வண்டிக்கு மருமகள் கட்டிய மூட்டை

மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் ரிக் வண்டி கண்ணில் படாத நாளை நான் பார்த்ததில்லை. ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டிகள். வடக்கே மழை பிடித்துக்கொண்டால் எல்லாம் ஊருக்குத் திரும்பிவிடும். பெயின்ட் அடிப்பது, வெல்டிங் வைப்பது, டயர் மாற்றுவது என்று புரட்டாசி வரைக்கும் யார்டுகளில் நிற்கும். ஆயுத பூஜை முடிந்த மறுநாளிலிருந்து வரிசையாகக் கிளம்பி மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய்விடும். இனி அடுத்த மழைக்குத்தான் ஊர்.

எங்களுக்கும் ஒரு ரிக் இருந்தது. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் ஓடியது. அவருக்குப் பிறகு விற்றுவிட்டேன். ரிக் ஓட்டியது அவர் என்றாலும் அதை ஊர் தாண்டி வாழவைத்தது நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ரிக்குக்குப் பின்னால் சப்போர்ட் லாரி என்று ஒன்று போகும். குழாய், டீசல், ஸ்பேர் எல்லாம் அதில்தான். ஆட்களுக்கான அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், ஊறுகாய், பாய், கொசுவலை, காய்ச்சல் மாத்திரை, அதுவும் அதில்தான். அந்தக் காலத்தில் காட்டுக்குள் போய் நின்றுவிட்டால் ஒரு கடுகு கிடைக்காது. அந்த லாரியைக் கட்டிக் கொடுக்கிற வேலை என்னுடையது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதி வைத்துக்கொள்ளத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு காலையில் எழுவதிலிருந்து படுப்பது வரைக்கும் ஒரு ஆள் என்னவெல்லாம் தொடுவான் என்று நினைத்துப் பார்த்து எடுத்து வைப்பேன்.

இப்போது நான் சொல்ல வந்தது அந்த லாரியைப் பற்றி அல்ல. என் மருமகள் கட்டிய மூட்டையைப் பற்றி. ஆனால் ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்ல எனக்கு வரவில்லை.

மருமகள் சேலம் டவுன்காரி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற குடும்பம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும்போது என் மகனைப் பிடித்துப்போய்க் கல்யாணம் ஆனது. அப்போது நான் என்ன பேசினேன் என்பதை ஊரே கேட்டது, அதனால் இங்கே மறுபடி சொல்ல வேண்டியதில்லை. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். மகன் ரிக் கம்பெனி ஒன்றில் ஆப்பிரிக்காவுக்குப் போனான். அவள் குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள். வந்த புதிதில் நாங்கள் இரண்டு பேரும் வாடகைக்கு எடுத்த பாத்திரம் மாதிரி ஒருவரை ஒருவர் அலுங்காமல் பார்த்துக்கொண்டோம்.

குழந்தைக்கு மூன்று வயது ஆகப்போகிற சமயம். பெங்களூர் ஆபீசில் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆயுத பூஜை லீவு முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். அவள் என்னிடம் மறைக்கவில்லை.

"இங்கயே ஏதாவது சொந்தமா அமைஞ்சா இருந்துக்குவேங்க அத்தை. சும்மாவே உக்காந்திருக்க எனக்கு ஆகாது. இல்லைன்னா பாப்பாவைக் கூட்டிட்டுப் போறதுதான்" என்றாள்.

"உன் இஷ்டம் அம்மிணி" என்றேன். வேறு என்ன சொல்வது? போகிறேன் என்கிறவர்களை மறிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு ராகி மாவு சலிக்க உட்கார்ந்தவள் ஒரே மாவைத் திரும்பத் திரும்பச் சலித்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அமைவதற்கு ஒரு வழி வந்தது. எங்கள் ரிக்கில் டிரில்லராக இருந்தவர் ஒருவர் இப்போது சொந்தமாக ரிக்குகள் வைத்திருக்கிறார். என்னை அக்கா என்பார். வீட்டுக்கு வந்தபோது, வண்டியில் இருக்கும் மேனேஜர்கள் தினமும் எத்தனை அடி ஓட்டினார்கள், எத்தனை கேசிங் குழாய் இறங்கியது, பாறையைத் துளைக்கிற பிட் எத்தனை அடிக்குத் தேய்ந்தது என்று போனில் கத்திச் சொல்வதும், பாதி காட்டில் சிக்னல் இல்லாமல் போவதுமாக இருக்கிறது என்று புலம்பினார்.

"லேப்டாப் வாங்கிக் குடுத்திருக்கேனுங்க அக்கா. அதுல சினிமாப் பாக்கறானுங்க."

மருமகள் காதில் விழுந்தது. "அண்ணா, நான் ஒண்ணு செஞ்சு தரட்டுங்களா? நெட் இல்லாமயே ஓடும். தமிழ்லயே இருக்கும்" என்றாள்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "செய்யி அம்மிணி. ஆயுத பூஜைக்குள்ள ஒரு வண்டியில போட்டுக் காட்டு. ஓடுச்சுன்னா எல்லா வண்டிக்கும் உன்னுதுதான். எனக்குத் தெரிஞ்ச மத்த ஓனருங்களுக்கும் சொல்றேன். ஓடலைன்னா சினிமாவே பாக்கட்டும்" என்றார்.

புரட்டாசி முழுவதும் எங்கள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப் இருந்தது. அவள் ஒரு பக்கம் தட்டிக்கொண்டிருப்பாள், நான் ஒரு பக்கம் சின்ன வெங்காயம் உரிப்பேன். தமிழ் எழுத்தைப் பெரிது பெரிதாக வைத்து, "இது படிக்க வருதுங்களா அத்தை?" என்று கேட்பாள். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, "கே... சிங்..." என்று படிப்பேன். எனக்குப் படிக்க வந்தால் மேனேஜருக்கும் வரும் என்பது அவள் கணக்கு. எனக்கு அதில் கொஞ்சம் ரோசம்தான். ஆனால் அந்த மேசைக்கு என்னைக் கூப்பிட்டாள் என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது.

அவள் எழுதியதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். வரி வரியாகக் கட்டளை. அது தானாக ஓடாது. அதைப் படித்து வேலை செய்ய வேறொரு புரோகிராம் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். அவள் லேப்டாப்பில் அது இருக்கிறது, மேனேஜர் லேப்டாப்பில் இல்லை. அதனால் ஸ்கிரிப்ட், அதைப் படிக்கிற புரோகிராம், படங்கள், எழுத்து எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டி, அதைத் தட்டினால் ஓடுகிற மாதிரி செய்ய வேண்டும். இதை அவள் எனக்கு விளக்கியபோது நான், "சப்போர்ட் லாரி" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

முதல் மூட்டை வீட்டில் அழகாக ஓடியது. பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அவள் ஸ்கூட்டரில் நான் பின்னால் உட்கார்ந்து யார்டுக்குப் போனோம். மேனேஜர் லேப்டாப்பில் போட்டுத் தட்டினாள். கறுப்பாக ஒரு சன்னல் தெரிந்தது, தெரிவதற்குள் மறைந்தது. இன்னொரு முறை தட்டினாள். அதே கதை.

"என்ன அம்மிணி, கண்ணடிச்சுட்டுப் போயிருச்சு?" என்றார் ஓனர். மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவள் அசையவில்லை. கறுப்புச் சன்னலைத் தனியாகத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்குள்ளிருந்து புரோகிராமை ஓடவிட்டாள். இந்த முறை சன்னல் மூடவில்லை. என்ன குறை என்று இங்கிலீஷில் நான்கைந்து வரி வந்தது. படித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அத்தை, படமெல்லாம் மூட்டைக்குள்ள வரவே இல்லைங்க. இது இன்னும் நம்ம ஊட்டு லேப்டாப்புல தேடிட்டு இருக்குது."

வீட்டில் சோதித்தபோது வீட்டில் இருந்த படத்தை எடுத்துக்கொண்டது. அதனால் குறை தெரியவில்லை. திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து நான் ஸ்டவ் பின் கதையைச் சொன்னேன். நான் லாரி கட்ட ஆரம்பித்த புதிதில், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்கள் வாசலிலேயே லாரியை நிறுத்தி, அதிலிருந்த சாமானைக் கொண்டே ஒரு வேளை சமைப்போம். பம்ப் ஸ்டவ் அடைத்துக்கொண்டது. சமையல்காரர் எங்கள் அடுப்படி மாடத்திலிருந்து பின்னை எடுத்துக் குத்திவிட்டு, நல்ல மனுஷன், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். லாரி பின் இல்லாமல் போனது. அங்கே போய்ச் சேர்ந்து விறகுப் புகையில் கண் சிவந்து ஒரு வாரம். அதற்குப் பிறகு ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் நிறுத்தித்தான் சமைக்க விடுவேன். வீட்டிலிருந்து ஒரு தீக்குச்சிகூட எடுத்துப் போகக் கூடாது. எங்கள் பக்கம் மற்ற ஓனர்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள்.

"அதேதாங்க அத்தை. எங்க ஆபீஸ்லயும் இதுக்குன்னே ஒண்ணும் போடாத வெறும் கம்ப்யூட்டர் ஒண்ணு வெச்சிருப்பாங்க. இங்க அது இல்லையேன்னு அலட்சியமா இருந்துட்டேன்" என்றாள். அவளுக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லிவிடவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே தொழிலில் இருந்த மாதிரி அந்தப் பாதை முழுக்கப் பேசிக்கொண்டு வந்தோம். எலச்சிபாளையம் பிரிவில் நிறுத்தி இளநீர் குடித்தோம். கல்யாணமாகி வந்த பிறகு அவளும் நானும் வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து எதையாவது சாப்பிட்டது அதுதான் முதல் முறை.

படங்களை உள்ளே வைத்து இரண்டாவது மூட்டை கட்டினாள். இந்த முறை வெறும் கம்ப்யூட்டருக்காக மேனேஜர் லேப்டாப்பையே வீட்டுக்கு வாங்கி வந்துவிட்டாள். ஓடியது. "நீங்களே ஒண்ணு போட்டுப் பாருங்க அத்தை" என்று என் பக்கம் தள்ளினாள்.

என்ன போடுவது? எனக்கு நினைவுக்கு வந்தது வாழப்பாடி பக்கம் ஒரு தோட்டத்தில் என் வீட்டுக்காரர் சொந்த வண்டியில் போட்ட முதல் கிணறு. நானும் பார்க்கப் போயிருந்தேன். முந்நூறு அடிக்குப் பொடி மட்டும்தான் பறந்தது. தோட்டக்காரர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னும் ஒரு ராடு" என்றார் இவர். ராடு என்றால் இருபது அடி. அந்த ராடில் ஈரப்பொடி வந்தது, பிறகு சேறு, பிறகு ஒரேயடியாகத் தண்ணீர். இவர் நனைந்துபோய் என்னைப் பார்த்துக் கையாட்டினார். காதெல்லாம் கம்ப்ரசர் சத்தம். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். வாழப்பாடி. முந்நூற்று இருபது அடி. தண்ணீர் உண்டு. அவள் சொன்ன இடத்தில் அழுத்தினேன். ஏறிவிட்டது என்று வந்தது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் திறந்தால் எதுவும் இல்லை.

"எங்க போச்சு?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "பொறுங்க, பொறுங்க" என்று அவள் எதை எதையோ திறந்தாள். மறுபடி ஏதோ ஊர் பெயர் போட்டாள், மூடினாள், திறந்தாள். இல்லை. மத்தியானம் வரைக்கும் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, இந்த ஒத்தை ஃபைல் இருக்குதுங்களே, ஒவ்வொரு தடவையும் தட்டினா ஒரு ஓரமா கூடாரம் போட்டு, மூட்டையப் பிரிச்சு உள்ள வெச்சுக்கிட்டு வேலை செய்யும். மூடினா கூடாரத்தப் பிரிச்சு அந்த எடத்தையே கூட்டிப் பெருக்கிட்டுப் போயிரும். நான் நீங்க போட்டதையும் அந்தக் கூடாரத்துக்குள்ளயே வெச்சுட்டேன். என் தப்புதாங்க."

கேம்ப் கலைக்கிறதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் மனசு ஆறவில்லை. "அவரு போட்ட கெணறு" என்று மட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படி அவள் பிடித்ததும் நான் பிடிக்க விட்டதும் அதற்கு முன்பு இல்லை.

அதற்குப் பிறகு ஒரே ஃபைலாகக் கட்டுவதை விட்டுவிட்டாள். எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் பிரித்தே வைத்தாள், போட்டதைச் சேர்த்து வைக்க லேப்டாப்பில் தனி இடம் கொடுத்தாள். அதில் இன்னொரு நன்மையும் இருந்தது. ஒற்றை மூட்டையைக் கண்டாலே மேனேஜர் லேப்டாப்பில் இருந்த ஆன்ட்டிவைரஸ் அடிக்கடி வைரஸ் என்று நினைத்து விழுங்கப் பார்த்தது. பிரித்து வைத்த பிறகு சும்மா இருந்தது. வாழப்பாடிக் கிணற்றை மறுபடி போட்டேன். மூடித் திறந்தோம். இருந்தது. லேப்டாப்பையே அணைத்துப் போட்டோம். இருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் யார்டில் கொண்டுபோய்க் கொடுத்து, ஓடவிட்டுக் காட்டினாள். ஓனருக்கு வாயெல்லாம் பல். "விஜயதசமிக்குக் காலையில மொத வண்டி கெளம்புது. அக்கா, நீங்களும் வந்துருங்க. உங்க கையால எலுமிச்சம்பழம் வையுங்க" என்றார்.

விஜயதசமியன்று போனோம். ரிக்குகள் சந்தனமும் குங்குமமும் மாலையுமாக நின்றன. முதல் வண்டி டயருக்கு அடியில் நான்தான் எலுமிச்சை வைத்தேன். என் மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். நல்ல நேரம் முடியக் கொஞ்சம்தான் பாக்கி. "வண்டி எடுக்கறதுக்கு முன்ன நம்ம அம்மிணி போட்டதையும் ஒருக்கா தெறந்து பாத்துரலாம்" என்று மேனேஜர் லேப்டாப்பை எடுத்தார்.

திறக்கவில்லை. பழையபடி ஒரு கறுப்புச் சன்னல், உடனே காணோம்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு ரிக்கின் படியில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வாங்கிக்கொண்டாள். "எதாவது மாத்துனீங்களாண்ணா?" "ஒண்ணும் மாத்துலீங்க." "புதுசா எதாவது போட்டீங்களா?" "இல்லீங்க." எல்லாரும் இல்லை என்றுதான் சொன்னார்கள். அவள் முகத்தில் வேர்வை. இது இன்றைக்கு ஓடவில்லை என்றால் வருகிறேன் என்று நாளைக்குப் பெங்களூருக்குப் பதில் சொல்லிவிடுவாள். எனக்குத் தெரியும். குழந்தை என் தோளில் மாலைப் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

பழையபடி கறுப்புச் சன்னலைத் திறந்து ஓடவிட்டாள். வந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, "இந்த ஃபோல்டருக்குப் பேரு யாருங்க மாத்தினது? இங்க ஒரு கேள்விக்குறி விழுகுது" என்றாள்.

"பேரெல்லாம் மாத்துல அம்மிணி" என்றார் ஓனர். "நேத்து பூஜையப்ப பேருக்கு முன்னாடி ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். நீதான் தமிழ் அடிக்கறதுக்கு வெச்சுக் குடுத்தியே, அதுலயே போட்டேன். அவ்வளவுதான்."

எங்கள் பக்கம் வடக்கே போகிற எதிலும் சுழி இல்லாமல் இருக்காது. அரிசி மூட்டை மேல், டீசல் பேரல் மேல், லாரிக் கதவு மேல் சந்தனத்தால் போடுவோம். நானே எத்தனை போட்டிருப்பேன். அந்தத் தமிழ் எழுத்து ஃபோல்டர் பெயரில் ஏறியதும், உள்ளே இருந்த புரோகிராமுக்குத் தன் சாமான் இருக்கிற இடத்துக்கு வழி தெரியவில்லை.

"அத எடுத்துட்டா ஓடிரும்ணா" என்றாள் மருமகள்.

ஓனர் முகம் மாறிவிட்டது. "சுழிய அழிச்சுப்போட்டு வண்டிய எடுக்கறதா?"

பின்னாலிருந்து ஒருவர், "அந்த அம்மிணிக்கு நம்ம பழக்கம் எங்கீங்க தெரியும்" என்றார். மெதுவாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டார் போல. எல்லாருக்கும் கேட்டது. நானே ஒரு காலத்தில் பேசிய பேச்சுதான். வேறொருவர் வாயிலிருந்து வந்தபோது அது எனக்குத் தாங்கவில்லை.

"பேசறவங்க முன்னால வந்து பேசுங்க" என்றேன். யாரும் வரவில்லை. நான் அவள் பக்கம் குனிந்து, "சாமி, சுழி இருக்கற மாதிரியே ஒரு வழி பண்ண முடியுமா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "முடியுங்க அத்தை. ரெண்டு நிமிஷம்."

ஃபோல்டர் பெயரைப் பழையபடி இங்கிலீஷில் ஆக்கினாள். புரோகிராமைத் திறக்கிற ஐகான் ஒன்றை லேப்டாப்பின் முகப்பில் கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பெயராகப் பிள்ளையார் சுழியை மட்டும் போட்டாள். "அண்ணா, உள்ள வெச்சா அதுக்கு வழி தெரியலைங்க. வாசல்ல வெச்சுட்டேன். இனி மேனேஜர் தினமும் சுழியத் தொட்டாத்தான் புரோகிராமே தெறக்கும்."

ஓனரே தட்டினார். திறந்தது. முதல் வரியில் வாழப்பாடி, முந்நூற்று இருபது அடி, தண்ணீர் உண்டு.

"இது யாரு போட்ட கெணறுங்க அக்கா?" என்றார். சொன்னேன். அவர் அன்றைக்கு அங்கே கூட இருந்தவர். "இது இதுலயே இருக்கட்டும். அழிச்சுராதீங்க" என்று மேனேஜரிடம் சொன்னார். எலுமிச்சை நசுங்கியது. ஆரன் அடித்துக்கொண்டு வண்டி திருச்செங்கோட்டுச் சாலையில் ஏறியது. நல்ல நேரத்துக்குள்தான்.

என் வீட்டுக்காரர் வண்டி அதே சாலையில் எத்தனையோ வருஷம் அப்படி ஏறியிருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஒரு குறை இல்லாமல் லாரி கட்டிக் கொடுத்தேன். கையாட்டினேன். இந்த வருஷம் போக வேண்டாம், இருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்கிற வழக்கம் எங்களுக்குள் இல்லை.

வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அவள் மேசையில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். வெங்காயம்கூடக் கையில் இல்லை.

"அங்க போயும் ஓடுமா?" என்றேன்.

"ஓடும்னுதாங்க நெனைக்கறேன். காட்டுல என்ன பண்ணுவாங்கன்னு யாருக்குத் தெரியும். பெங்களூருக்கு நாளைக்குப் பதில் சொல்லணும்."

"இருந்துக்க சாமி" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்க அத்தை?"

"இங்கயே இருந்துக்க. அது ஓடுனாலும் ஓடாட்டியும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்துக்கொண்டே, "இத சொல்லறதுக்கு ஒரு மாசம் வேணுங்களா உங்களுக்கு?" என்றாள்.

இப்போது அவளுக்குத் திருச்செங்கோட்டில் சொந்தமாக ஆபீஸ் இருக்கிறது. காலையில் போனால் பொழுது சாயத்தான் வருகிறாள். சாப்பாட்டு மேசையில் சாப்பாடு மட்டும்தான் இருக்கிறது. அந்தப் புரட்டாசி போல இன்னொரு புரட்டாசி வரவில்லை, அதில் குறை சொல்லவும் ஒன்றும் இல்லை.

மறுநாள் அவள் பெங்களூருக்குப் பேசியது மட்டும் அப்படியே நினைவில் இருக்கிறது. பேச்சு முழுவதும் இங்கிலீஷ். நான் கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். போனை வைத்ததும், "என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"எங்க அத்தை விடமாட்டேங்கறாங்கன்னு சொன்னேங்க."

நான் அப்படிச் சொல்லவில்லை. இருந்துக்க என்றுதான் சொன்னேன். ஆனால் அதைத் திருத்தப் போகவில்லை.